தங்கச்சி, வேலை தொடங்க இன்னும் மூன்று கிழமை இருக்கு!

நியமனக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. கிளிநொச்சிக் கச்சேரியோ, முல்லைத்தீவில் ஒரு பள்ளிக்கூடமோ, வவுனியாவில் ஒரு வங்கியோ, அறிவியல்நகர்ப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையோ, எங்கே என்றாலும் வீட்டுக்கு அது நல்ல சேதி. அம்மா முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருப்பா. பக்கத்து வீட்டு மாமி "சம்பளம் எவ்வளவு பிள்ளை?" என்று கேட்டிருப்பா. ஆனால் நீ கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசிப்பது வேறு. இந்த முகத்தோடு, இந்த முடியோடு, இந்த உடுப்போடு அங்கே போய் நிற்கலாமா என்று யோசிக்கிறாய்.

நிற்கலாம். வடிவாக நிற்கலாம். அதற்கு உன் நிறத்தை மாற்றவும் வேண்டாம், கடன்படவும் வேண்டாம். நல்ல நித்திரை, போதிய தண்ணீர், உடம்பில் இரத்தம், அளவான சுத்தமான உடுப்பு. இந்த நான்கும் சரியாக இருந்தால் முகம் தானாகத் தெளியும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளை வருடம் வருடமாகப் பார்க்கிறேன். முதல் மாதத்திலேயே வாடிப்போகிறவர்களுக்கு அழகு குறைவாக இருப்பதில்லை. உடம்பை ஆயத்தப்படுத்தாமல் வந்துவிடுகிறார்கள், அதுதான் காரணம். ஆகவே இந்த மூன்று கிழமையை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. முதலில் ஒருக்கால் ஆஸ்பத்திரிக்குப் போய் வா

பார்லருக்குப் போகமுதல் ஆஸ்பத்திரிக்குப் போ. வேலை தொடங்கிவிட்டால் லீவு எடுப்பது கஷ்டம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. பல், கண், இரத்தப் பரிசோதனை எல்லாம் அங்கே காசில்லாமல் பார்க்கலாம். வரிசையில் நிற்கத்தான் வேண்டும். காலையில் வெள்ளெனப் போனால் மத்தியானத்துக்குள் முடிக்கலாம்.

இரத்தம்: ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது 12 க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. கண்ணாடிக்கு முன் நின்று கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளிறியிருக்கிறதா? படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? பச்சை அரிசியை அள்ளி வாயில் போட ஆசை வருகிறதா? இந்த மூன்றும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களாக இருக்கலாம். முகம் சோர்ந்துபோய்க் கிடக்கிறது என்று கிறீம் பூசுகிற எத்தனையோ பிள்ளைகளுக்கு உண்மையில் தேவைப்படுவது இரும்புக் குளிசைதான். குளிசையை டொக்டர் தந்தால் குடி, கடையில் நீயாக வாங்காதே.

பல்: முரசில் இரத்தம் கசிந்தால், வாய் மணத்தால், பல்லைச் சுத்தம் செய்விக்க இதுதான் நேரம். செய்தபின் ஓரிரு நாள் பல் கூசும். அதனால் கடைசிக் கிழமைக்குத் தள்ளாதே. வாயை மூடிக்கொண்டே கதைக்கிற பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். பலவேளை அது சொத்தைப் பல்லை மறைப்பதுதான்.

கண்: தையல் மெஷினிலும் கணினியிலும் எட்டு மணித்தியாலம் இருக்கப்போகிறாய். தலையிடி அடிக்கடி வந்தால், பஸ்ஸின் பெயர்ப்பலகையைக் கிட்டப் போய்த்தான் வாசிக்க முடிகிறது என்றால், கண்ணைப் பார்ப்பித்துக்கொள். கண்ணாடி போட்டால் கலியாணம் தள்ளிப்போகும் என்று சொல்கிறவர்களின் கதையைக் கேட்காதே.

2. தண்ணீரைக் கவனி

வன்னியில் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடப்பதைப் பார்த்திருப்பாய். அதே படிவுதான் உன் முடியிலும் ஏறுகிறது. சவர்க்காரம் நுரைக்காது, முழுகினபிறகும் முடி பிசுபிசுவென்று நாரைப்போல் நிற்கும். ஷாம்புவை மாற்றி மாற்றிக் காசைக் கொட்டுவதால் இது தீராது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால், முழுகி முடிய அந்தத் தண்ணீரில் கடைசியாக ஒரு வாளி வார். இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீருக்கு அரைத் தேசிக்காய் பிழிந்து தலைக்கு வார்த்துவிட்டு, பிறகு நல்ல தண்ணீரால் அலசு. முடி இளகும். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து, வெந்தயமும் சீயாக்காயும் அரைத்து முழுகுகிற அம்மம்மாவின் பழக்கத்தை விடாதே. ஆனால் சீயாக்காயை நன்றாக அலசி எடு. தூள் உச்சியில் தங்கினால் பொடுகு என்று நினைத்துப் பயப்படுவாய்.

குடிக்கிற தண்ணீர் இதைவிட முக்கியம். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் நீண்டகாலச் சிறுநீரக நோய் இருக்கிறது. அதற்கான காரணம் இன்னும் முற்றாகப் பிடிபடவில்லை. உன் ஊர்ப் பக்கத்தில் அந்த நோய் இருந்தால் வடிகட்டிய தண்ணீரையே குடி, வீட்டில் எல்லாருக்கும் அதையே கொடு. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், கரைந்திருக்கிற உப்புகள் எல்லாம் போய்விடாது. நோவுக்குளிசைகளைத் தொட்டதற்கெல்லாம் போடுகிற பழக்கமும் சிறுநீரகத்துக்குக் கூடாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். கழிப்பறை சரியில்லை, சுப்பர்வைசரிடம் கேட்க வெட்கம், பஸ்ஸில் நீண்ட பயணம் என்று எங்கட பிள்ளைகள் காலையில் இருந்து பின்னேரம் வரை தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். பிறகு சலக்கடுப்பு, காய்ச்சல், தலைச்சுற்று. வேலைக்குப் போன முதல் நாளே கழிப்பறை எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு லீற்றர் போத்தலைக் கொண்டுபோய், வீடு திரும்பமுதல் இரண்டு தடவையாவது நிரப்பிக் குடி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இன்னும் கூடக் குடி.

3. வெள்ளையாக்கும் கிறீமைத் தொடாதே

இதைத்தான் எல்லாவற்றிலும் கவலையோடு எழுதுகிறேன். வேலை கிடைத்தவுடன் பல பிள்ளைகள் முதலில் வாங்குவது ஒரு சின்னக் கிறீம் டப்பா. "ஏழு நாளில் வெள்ளை" என்று போனில் விளம்பரம் வரும். தெரிந்த அக்கா ஒருவர் பார்சலில் எடுத்துத் தருவா. பூசி ஒரு கிழமையில் முகம் உண்மையாகவே வெளுக்கும். அதனால்தான் எல்லாரும் நம்புகிறார்கள்.

அப்படிக் கெதியாக வெளுக்கச் செய்கிற கிறீம்கள் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் தோலுக்கு நிறம் தருகிற மெலனின் உருவாவதைத் தடுக்கும். அதோடு தோலுக்குள்ளால் உடம்பில் இறங்கிச் சிறுநீரகத்தையும் நரம்பையும் பழுதாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை 2013 இல் உருவானபோது, அழகுப் பொருட்களில் பாதரசம் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரையறுத்தார்கள். ஏற்கெனவே சிறுநீரக நோயோடு போராடுகிற ஊரில், காசு கொடுத்து அந்த நஞ்சை முகத்தில் பூசலாமா? நீ பூசினால் உன் தலையணையிலும் துவாயிலும் அது ஒட்டும். பக்கத்தில் படுக்கிற தம்பிக்கும் தங்கைக்கும் போகும்.

வேறு சில கிறீம்களில் பெற்றாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டிரொயிட் மருந்துகள் கலந்திருக்கும். தொடக்கத்தில் முகம் மினுங்கும். போகப் போகத் தோல் மெலிந்து, சிவந்து, சின்ன இரத்த நரம்புகள் தெரியத் தொடங்கும். பரு கிளம்பும். அலுவலகத்தில் ஒரு பிள்ளை பத்து மணி வெயிலில் வாசலைத் தாண்டமுடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். கன்னம் இரண்டும் சூடு பட்டதுபோல எரிந்துகொண்டிருந்தது.

டப்பாவை இப்படிப் பார்: செய்தவரின் முகவரி இருக்கிறதா? உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கிறதா? காலாவதித் திகதி அச்சாகியிருக்கிறதா, அல்லது ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கிறதா? "தங்க, வெள்ளி நகையில் படவிடாதீர்கள்" என்று எழுதியிருந்தால் உடனே கீழே வை. பாதரசம் நகையைக் கெடுக்கும், அதனால்தான் அந்த எச்சரிக்கை. "கலோமெல்", "மேர்க்கியூரிக்" என்ற சொற்கள் இருந்தாலும் வேண்டாம். ஏற்கெனவே பாவிக்கிறாய் என்றால், டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போ. ஸ்டிரொயிட் பழகிய முகத்தில் திடீரென்று நிற்பாட்டினால் சிவந்து வீங்கலாம். எப்படி விடுவது என்று டொக்டர் சொல்லுவார்.

நாங்கள் வெயிலில் பிறந்து வளர்ந்த ஆட்கள். எங்கட தோலின் கறுப்பு வெயிலுக்கு எதிரான காவல். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஏ9 வீதியில் ஸ்கூட்டி ஓடாதே.

4. முகமும் முடியும்: எதை எப்போது செய்வது

மூன்று கிழமைக்கு முன்: முடியின் நுனியை வெட்டிக்கொள். புதுவிதமாக வெட்ட ஆசை என்றால் இப்போதே வெட்டு, பிடிக்காவிட்டாலும் வளர நேரம் இருக்கும். தொழிற்சாலையிலும் ஆஸ்பத்திரியிலும் முடியை ஒதுக்கிக் கட்டவேண்டும். கட்டமுடியாத நீளத்துக்கு வெட்டாதே. முடியை நேராக்குகிற மருந்துச் சிகிச்சையை வேலை தொடங்குகிற நேரத்தில் செய்யாதே. செலவும் அதிகம், பிறகு அதைப் பராமரிக்க உனக்கு நேரமும் இருக்காது.

இரண்டு கிழமைக்கு முன்: டை அடிப்பதாக இருந்தால், காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து 48 மணித்தியாலம் பார். அரித்தால், தடித்தால் அந்த டை உனக்கு ஒத்துக்கொள்ளாது. கறுப்பு மருதாணி என்று கோனில் விற்பதைக் கையில் போடாதே. அதில் சேர்க்கிற டை மருந்து கொப்புளமும் நிரந்தரத் தழும்பும் தரலாம். வீட்டு மருதாணி இலை அரைத்துப் போடுவதில் பயமில்லை.

ஒரு கிழமைக்கு முன்: ஐப்ரோ எடுப்பது, மேலுதட்டு முடி எடுப்பது. முதல் நாளுக்கு முந்தின நாள் செய்தால் சிவந்து பருப்பருவாக நிற்கும். புது ஃபேஷியல், புதுச் சவர்க்காரம், புது கிறீம் எதையும் இந்தக் கிழமையில் தொடங்காதே.

ஒவ்வொரு நாளும்: காலையும் இரவும் முகத்தைக் கழுவு. பயற்றம்மா ஒத்துக்கொள்கிற முகத்துக்கு அதுவே போதும். தயிர் கொஞ்சம் சேர்த்துக் குழைத்துப் பூசி, காயமுதல் கழுவிவிடு. தேசிக்காயை வெட்டி முகத்தில் தேய்க்கிற வழக்கத்தை மட்டும் விடு. அந்தச் சாற்றோடு வெயில் பட்டால் தோல் பொசுங்கிக் கருந்தழும்பு விழும். தலைக்கு வார்த்தாலும் கழுவிவிட்டுத்தான் வெயிலில் இறங்கு. வெளியில் போகும்போது எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிறீன் பூசலாம். அது கட்டாமல் போனால் குடை, முழுக்கைச் சட்டை, ஸ்கூட்டி ஓடும்போது கையுறை இவை போதும். பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போகிற ஏ35 வீதியில் மத்தியான வெயில் எப்படி என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வியர்வை மணத்துக்கு விலையான ஸ்பிரே வாங்க முடியாவிட்டால், சீனாக்காரக் கட்டியை நனைத்துக் குளித்தபின் கக்கத்தில் தடவு. கைலேஞ்சி இரண்டு கொண்டுபோ, ஒன்று முகத்துக்கு, மற்றது கைக்கு. நகத்தை ஒட்ட வெட்டு. தாதிக்கும் சாப்பாட்டுத் தொழிற்சாலைப் பிள்ளைக்கும் நகப்பூச்சு வேண்டாம்.

5. தழும்பு உள்ள தங்கச்சிக்கு

எங்கட மண்ணில் இதை எழுதாமல் அழகுக் குறிப்பு எழுத முடியாது. கையில், கழுத்தில், கன்னத்தில் செல் துண்டு பட்ட தழும்போடு வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தழும்பை மூட நீண்ட கைச் சட்டை போடுவதா, இல்லையா என்று நீ மட்டும் முடிவெடு. மூடுவது உனக்கு ஆறுதல் என்றால் மூடு. திறந்து விடுவது இலேசாக இருந்தால் திறந்து விடு. "என்ன நடந்தது?" என்று யாரும் கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உனக்கு இல்லை. "சின்ன வயதுக் காயம்" என்று சொல்லிவிட்டு வேலைக் கதைக்குப் போகலாம். தழும்புத் தோல் வறளும், வெயிலில் கெதியாகக் கறுக்கும். குளித்தவுடன் ஈரம் காயமுதல் தேங்காயெண்ணெய் அல்லது வஸ்லின் தடவி மெல்ல உருவு. வெளியில் போனால் துணியால் மூடு. உள்ளே துண்டு கிடந்து நோகிறது, சீழ் வைக்கிறது என்றால் டொக்டரிடம் காட்டு.

செயற்கைக்கால் பொருத்தியவள் என்றால் வேலை தொடங்கமுதல் அதன் பொருத்தத்தைச் சரிபார்ப்பித்துக்கொள். வீட்டுக்குள் நடக்கிறபோது தெரியாத உரசல், நாள் முழுக்க நின்றால் புண்ணாகும். யாழ்ப்பாணத்தில் உள்ள ஜெய்ப்பூர் நிலையம் பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறது. இருந்து செய்கிற வேலை வேண்டும் என்றால் அதை முதல் நாளே பொறுப்பதிகாரியிடம் சொல். புண் வந்தபிறகு சொல்வதைவிட அது நல்லது.

கணவரை இழந்து, பிள்ளைகளை வளர்த்து, இப்போதுதான் முதல்முறை வேலைக்குப் போகிற அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் என்ன நிறத்தில் சேலை கட்டலாம், பொட்டு வைக்கலாமா, பூ வைக்கலாமா என்பதை ஊர் தீர்மானிக்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பிடித்த நிறத்தில் கட்டிக்கொண்டு போங்கள். குடும்பத்தைச் சுமந்து நிற்கிறவர் நீங்கள்.

6. உடுப்பு: குறைவாக, அளவாக, சுத்தமாக

முதல் மாதத்துக்கு ஐந்தாறு செட் போதும். புதிதாக எல்லாம் வாங்குவதற்காக நுண்கடன் எடுக்காதே. கிழமைக் கிழமை கட்டுகிற அந்தக் கடனால் எங்கட கிராமங்களில் எத்தனை பெண்கள் நித்திரையில்லாமல் இருந்தார்கள் என்று பார்த்திருக்கிறோம். உள்ளதை அளவாக்கு. தையல் அக்காவிடம் இப்போதே கொடு. பண்டிகைக் காலம் வந்தால் அவவுக்கு நேரமிராது. சட்டையின் உள்தையலில் இரண்டு விரல் துணி விடச் சொல். வேலைக்குப் போய் நேரத்துக்குச் சாப்பிடத் தொடங்கினால் உடம்பு கொஞ்சம் வைக்கும், அப்போது பிரித்துவிடலாம்.

ஆசிரியை என்றால் சேலை. பருத்திச் சேலை எங்கட வெக்கைக்கு ஏற்றது. மருதமுனைக் கைத்தறி நல்லாய் உழைக்கும். வங்கி, கச்சேரி என்றால் அங்கே ஏற்கெனவே இருக்கிற அக்காமாரிடம் என்ன உடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்கு. தொழிற்சாலையில் மேலங்கி அவர்களே தருவார்கள். உள்ளே இலேசான பருத்திச் சட்டை, மூடிய தட்டைச் செருப்பு, நகை இல்லாத கை இவைதான் தேவை. தொங்குகிற தோடும் வளையலும் மெஷினில் கொழுவும்.

சேலை கட்டி மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து போகிறவளா? இதைக் கவனமாகச் செய். முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் சுற்றி, ஊசியால் இரண்டு இடத்தில் குத்து. கொய்யகத்தை ஒன்றாகச் சேர்த்து முழங்காலுக்கு நடுவில் பிடி. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சேலைக்காப்புப் பொருத்தியிருக்கிறதா என்று பார். பஞ்சாபி போட்டால் ஷோலை உடம்பைச் சுற்றிக் கட்டு, தொங்கவிடாதே. துணி சில்லில் சிக்கி உயிரே போன கதைகள் உண்டு. ஹெல்மெட் போட்டால் தலை குலையும் என்று நினைக்காதே. பையில் ஒரு சீப்பு இருந்தால் போதும்.

செருப்பைப் பத்து நாள் முன்னரே வாங்கி, வீட்டுக்குள் போட்டு நட. புதுச் செருப்பின் கடி முதல் நாளையே கெடுக்கும். மாரி காலத்தில் வேலை தொடங்கினால் நனைந்தாலும் காய்கிற செருப்பு ஒன்று, மாற்று உடுப்பு ஒரு பிளாஸ்ரிக் பையில். உள்ளாடையில் மிச்சம் பிடிக்காதே. அளவான பருத்தி உள்ளாடை முதுகு நோவையும் தோல் அரிப்பையும் குறைக்கும். பாட் இரண்டும் ஒரு மாற்று உள்ளாடையும் எப்போதும் பையில் இருக்கட்டும். வேலை மாற்றம் மாதவிடாய்த் திகதியைக் கொஞ்சம் முன்பின்னாக்கலாம்.

7. சாப்பாடும் நித்திரையும்

அழகுக்கு உள்ளே போகிற மருந்து எங்கட வளவிலேயே இருக்கிறது. முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், அகத்தி, குரக்கன் புட்டு, அவித்த பயறு, கச்சான், குளத்து மீன், நெத்தலி, முட்டை. இலைக்கறிக்குத் தேசிக்காய்ப்புளி விட்டுச் சாப்பிட்டால் இரும்புச்சத்தை உடம்பு கூட உறிஞ்சும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து வீணாகும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடி. இதை அம்மாவுக்கும் சொல்.

காலைச் சாப்பாட்டை விடாதே. ஐந்தரை மணிப் பஸ் என்றால் சாப்பிட மனம் வராது, தெரியும். இரண்டு அவித்த முட்டையோ, ஒரு பிடி அவித்த கடலையோ, எள்ளுருண்டையோ பெட்டியில் கொண்டுபோய் வேலை தொடங்கமுதல் சாப்பிடு. வெறும் வயிற்றில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் போட்டுக்கொண்டு மெஷினில் நிற்பவர்கள்தான் பதினொரு மணிக்கு மயங்கி விழுகிறார்கள்.

நித்திரையை இன்றைக்கே திருத்தத் தொடங்கு. ஐந்து மணிக்கு எழும்பவேண்டும் என்றால், ஒவ்வொரு நாளும் கால் மணித்தியாலம் முன்னுக்குப் படுத்து முன்னுக்கு எழும்பு. ஒரேயடியாக மாற்றினால் உடம்பு கேட்காது. ஏழு மணித்தியாலமாவது படு. போனை வேறு அறையில் வை. நுளம்புவலை கட்டு. இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது உண்மைதான், ஆனால் டெங்கு இருக்கிறது. டெங்குக் காய்ச்சலோடு வேலை தொடங்க யாருக்கும் முடியாது.

8. மனத்தை ஆயத்தப்படுத்து

இன்று முதல்முறை வேலைக்குப் போகிறவர்களில் பலர், போர் முடிந்த 2009 மே மாதத்தில் சின்னப்பிள்ளைகள். சிலர் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் அ, ஆ எழுதிப் பழகியவர்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. அந்தக் காலம் நினைவில் இல்லாதவளுக்கும் உடம்பில் இருக்கலாம். கதவு படாரென்று சாத்தினால் நெஞ்சு அடிக்கிறதா? நெரிசலில் மூச்சு முட்டுகிறதா? மெஷின்களின் சத்தம் தாங்க முடியவில்லையா? நீ பலவீனமானவள் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த நேரம் இரண்டு பாதத்தையும் நிலத்தில் அழுத்தி வை. மூக்கால் மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல வாயால் விடு. கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளை மனத்துக்குள் பெயர் சொல்லிப் பார். அடிக்கடி வந்தால் மாவட்ட ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போ. போக முடியாவிட்டால் 1926 என்ற இலக்கத்துக்கு எடு. அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், தமிழில் கதைக்கலாம்.

வீட்டில் முதல் சம்பளக்காரி நீ என்றால் எல்லாருடைய எதிர்பார்ப்பும் உன் தோளில் ஏறும். தம்பியின் ரியூஷன், கூரைத் தகரம், ஈடு வைத்த நகை. இப்போதே அம்மாவோடு இருந்து கதை. முதல் ஆறு மாதம் எதை முதலில் செய்வது என்று ஒரு கொப்பியில் இரண்டு பேருமாக எழுதுங்கள். கதைக்காமல் விட்டால்தான் மனம் பாரமாகும்.

9. முதல் நாளும் போகிற வழியும்

முதல் நாளுக்கு முன் ஒருதரம் அந்த நேரத்துக்கே பஸ் ஏறிப் போய்ப் பார். எந்தச் சந்தியில் இறங்குவது, எவ்வளவு நேரம் எடுக்கும், திரும்பி வர எத்தனை மணிக்குக் கடைசிப் பஸ் என்று தெரிந்துகொள். யானை வருகிற பாதை என்றால் இருட்டமுதல் வீடு வந்து சேருகிற ஒழுங்கைப் பார். முந்தின இரவே உடுப்பை மடிப்புக் குலையாமல் தொங்கவிடு, கரன்ட் நிற்கமுதல் அயன் பண்ணு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாவற்றின் பிரதியையும் ஒரே கோப்பில் போடு.

பஸ்ஸில் யாரும் உரசினால், தொட்டால், பொறுத்துக்கொண்டு வராதே. சத்தமாகச் சொல், "தள்ளி நில்லுங்கோ அண்ணை!" என்று. நடத்துநருக்குச் சொல். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி குற்றம். வீதியிலும் வேலைத்தலத்திலும் அது குற்றந்தான். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், போனில் இப்போதே பதிந்து வை. வேலையிடத்தில் யாராவது சினேகமாக இருக்கிறேன் என்று தனியாக அழைத்தால், "இங்கேயே கதைப்போம்" என்று சொல்லப் பழகு.

உள்ளே போனதும் வணக்கம் சொல், பெயரைத் தெளிவாகச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுச் செய். கொப்பி ஒன்று வைத்து எழுதிக்கொள். ஒரு கிழமைக்குள் எல்லாம் தெரியவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. முதல் இரண்டு கிழமை கால் வீங்கும், முதுகு நோகும். இரவில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலை வைத்திரு, பிறகு காலை உயர்த்திப் படு. மூன்றாம் கிழமையும் குறையவில்லை என்றால் கதிரையின் உயரத்தை மாற்றச் சொல்லிக் கேள்.

10. முதல் சம்பளம்

சம்பளத் துண்டை வாசி. தனியார் வேலை என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உன்னிடம் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம் போடவேண்டும். அது உன் காசு. விளங்காவிட்டால் கேள், கேட்டதற்காக யாரும் உன்னை நிற்பாட்ட முடியாது.

அந்தச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை எடு, கோயிலுக்கு நேர்ந்ததைக் கொடு. பிறகு உனக்கென்று ஒன்று செய், தள்ளிப்போட்ட பல்லை அடைப்பதோ, கண்ணாடி எடுப்பதோ, காலுக்கு நல்ல செருப்பு வாங்குவதோ. மிச்சத்தில் கொஞ்சமாவது உன் பெயரில் உள்ள கணக்கில் போடு. அண்ணாவிடமோ, நாளைக்கு வரப்போகிறவரிடமோ கணக்கைக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் கேட்டு நிற்காதே. உன் முகத்தை வேறொருவர் சொல்கிற நிறத்துக்கு மாற்றாதே என்று சொன்னதும் இதற்காகத்தான். உடம்பும் உன்னுடையது, உழைப்பும் உன்னுடையது. வங்கிப் புத்தகமும் ஏ.ரி.எம். அட்டையும் உன் கையிலேயே இருக்கட்டும், தங்கச்சி.